புதுப்பிப்பு: மகளின் எம்.சி.யூ. எக்ஸ்ரே முடிந்தது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. சிறுநீர்ப்பையில் குழாய் விட்டு எடுக்கும் இந்தப் பரிசோதனைக்கு, ஏற்கெனவே ஒருமுறை பட்டுப் பயந்துபோன என் ஆறு வயது மகளை எப்படித் தயார்ப்படுத்துவது என்று கேட்டிருந்தேன்.

கைகொடுத்தது ஹிப்னாஸிஸ்தான், அதாவது பிடித்த ஒரு கற்பனையில் மனதை ஆழ்த்தும் முறை. (அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் 44 குழந்தைகளிடம் செய்து 2005-இல் வெளியான ஆய்வும் இதே பரிசோதனைக்குத்தான். பரிசோதனைக்கு ஆகும் நேரம் சராசரியாகக் கிட்டத்தட்ட 14 நிமிடம் குறைந்ததாம்.) பயிற்சி பெற்ற குழந்தை உளவியலாளர் முன்பே சொல்லிக்கொடுத்ததை வீட்டில் தினமும் பழகினோம். கற்பனைக்குக் கடற்கரை, தேவதை எதுவும் வேண்டாமாம் அவளுக்கு. பாட்டி வீட்டு ஊஞ்சலைத்தான் கற்பனை செய்தாள். தூங்கவெல்லாம் இல்லை, பேச்சுக்குப் பதிலும் சொன்னாள். குழாய் விடும்போது கொஞ்சம் முனகல், அவ்வளவுதான். யாரும் கையைக் காலைப் பிடிக்கவில்லை.

எதிர்பாராதது: படம் எடுக்கும்போதே படுத்தபடி சிறுநீர் கழிக்கச் சொன்னார்கள். வெட்கத்தில் அங்கேதான் அடம். அதையும் சேர்த்துப் பழக்குங்கள்.