டொல்பின் வான் ஓடிக்கொண்டிருக்கும்போதே நிற்கிறது, அவசர உதவி

கடலோரம்_மீன்:
வணக்கம். என் டொல்பின் (டொயோட்டா ஹையேஸ்) வான் ஓடிக்கொண்டிருக்கும்போதே இழுவை குறைந்து நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் விட்டு அடித்தால் ஸ்டார்ட் எடுக்கும். மறுகா கொஞ்சத் தூரம் போய் நிற்கும். பில்டர் புதிது, பற்றரியும் புதிது. கராஜுக்குக் கொடுக்க இப்போது கையில் காசில்லை, வீட்டில் வைத்துத்தான் பார்க்கிறேன். விடிய வாழைச்சேனைத் துறைமுகத்தில் மீன் ஏற்ற வேண்டும். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

செங்கலடியான்:
டீசலா, பெற்றோலா? எத்தனை கிலோமீற்றர் ஓடியபிறகு நிற்கிறது? டக்கென்று நிற்கிறதா, இழுத்து இழுத்து நிற்கிறதா? இது ஒன்றும் இல்லாமல் யார் என்ன சொல்வது, தம்பி?

ஏறாவூர்_ரேடியேட்டர்:
முதலில் எஞ்சின் ஹெட்டைப் பாருங்கள். ஓடிச் சூடாகி நிற்கிறது, ஆறினால் எடுக்கிறது என்றால் எனக்கு வேறு சந்தேகமே வராது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள். விடாமல் குமிழி வந்தால் ஹெட்டுக்குக் கீழே உள்ள கஸ்கட் போய்விட்டது. தண்ணீர் குறைகிறதா என்றும் எழுதுங்கள்.

கடலோரம்_மீன்:
டீசல்தான். தண்ணீர் குறையவில்லை, சூட்டு முள்ளும் நடுவில்தான் நிற்கிறது.

டீசல்_மாஸ்டர்:
டொல்பினில் எந்த எஞ்சின்? 2எல், 3எல், 5எல் என்று மூன்று எஞ்சினிலும் ஓடுகின்றன. தன் வானில் என்ன எஞ்சின் இருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர் ஸ்பானரைத் தொடக் கூடாது. இதே கேள்விக்கு எத்தனையோ பேருக்குப் பதில் எழுதிவிட்டேன், யாரும் தேடிப் படிப்பதில்லை. இது எஞ்சினுக்கு டீசல் அடிக்கிற பம்பின் கோளாறு. சூடானதும் உள்ளே பிரஷர் விழும், ஆறினதும் திரும்பும். கழற்றி, பம்ப் சோதிக்கிற பெஞ்சில் ஏற்றித்தான் பார்க்க வேண்டும். முற்றத்தில் வைத்துச் செய்கிற வேலை இல்லை.

ஓட்டமாவடி_காக்கா:
பம்பைக் கழற்றினால் எவ்வளவு முடியும் என்று தெரியுந்தானே மாஸ்டர். காசில்லை என்று எழுதின பிள்ளைக்கு முதல் வார்த்தையே அதுவா? தம்பி, கடைசியாக எந்தப் பெற்றோல் செட்டில் டீசல் அடித்தீர்கள்? மண்ணெண்ணெய் ஏதும் கலந்தீர்களா?

டீசல்_மாஸ்டர்:
உள்ளதைச் சொன்னால் கசக்கத்தான் செய்யும். மண்ணெண்ணெய் கலந்திருந்தால் பம்ப் போயிற்று என்பது இன்னும் உறுதி. இந்தப் பம்புக்கு வேறு ஒயில் கிடையாது, அதன் வழியாகப் போகிற டீசல்தான் உள்ளே எல்லாவற்றுக்கும் வழுவழுப்பு. மண்ணெண்ணெய்க்கு அந்தப் பிசுக்கு இல்லை.

மீராவோடை_லொறி:
2022 இல் டீசலுக்கு வரிசையில் கிடந்தபோது கலக்காதவர் யார்? என் லொறி இன்றைக்கும் அதே பம்பில்தான் ஓடுகிறது.

டீசல்_மாஸ்டர்:
உங்கள் லொறி ஓடுவதை வைத்து மற்றவனுக்குத் தைரியம் கொடுக்காதீர்கள். அந்த வருடத்துக்குப் பிறகு என் மேசைக்கு வந்த பம்புகளில் உள்ளே ஓடுகிற பிளன்ஜர் கீறிப்போய், அதைச் சுற்றியுள்ள சட்டை தேய்ந்துபோய் வந்தவைதான் அதிகம்.

மீராவோடை_லொறி:
2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்கு ஏறியது. அதற்குப் பிறகு கலந்து முன்பு போல இலாபம் பார்த்தவன் எவன்? டீசல் கிடைக்காத நேரத்தில் கலந்தார்கள், அவ்வளவுதான். மண்ணெண்ணெயில் ஓடுகிற வெளிக்கள எஞ்சினைப் படகில் பூட்டிக் கடலுக்குப் போகிறவன் அந்த விலையேற்றத்தில் பட்ட பாட்டைக் கேட்டுப் பாருங்கள். படகைக் கரையில் ஏற்றிவைத்துவிட்டு எங்கள் ஊரில் எத்தனை பேர் கூலிக்குப் போனார்கள்.

ஓட்டமாவடி_காக்கா:
அது வேறு கதை. தம்பியின் வானுக்கு வாருங்கள்.

ஆரையம்பதி_வான்:
தம்பி, நான் பாடசாலைப் பிள்ளைகள் ஏற்றுவதற்கு இதே டொல்பின்தான் வைத்திருக்கிறேன். எல்எச்113 மொடல், 3எல் எஞ்சின். அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இழுவை குறைந்து குறைந்து நிற்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வயர் கோளாறு என்றால், பம்பில் டீசலைத் திறந்து மூடுகிற சொலனொயிட்டுக்குக் கரண்ட் போகாமல், சாவியை அணைத்தது போல ஒரே வெட்டில் நிற்கும். உங்களுடையது அப்படி இல்லை. டீசல் போதுமான அளவு வந்து சேரவில்லை.

மாஸ்டர் ஐயா சொல்வது போலப் பம்ப் தேய்ந்திருந்தால், சூட்டில் ஸ்டார்ட் எடுப்பதுதான் முதலில் கஷ்டமாகும். பம்பின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றி எடுக்கிறவர்களைக் கண்டிருப்பீர்கள். உங்கள் வான் கொஞ்ச நேரத்தில், எஞ்சின் ஆறுவதற்கு முதலே எடுக்கிறது. ஆகவே பம்பைக் கழற்ற அவசரப்படாதீர்கள்.

இந்த வானில் டாங்கிக்குள் கரண்ட் பம்ப் கிடையாது. எஞ்சினில் உள்ள பம்புதான் டாங்கியிலிருந்து இழுத்துக் குடிக்கிறது. அதனால் வழியில் எங்கே அடைத்தாலும் அதற்கு மூச்சு முட்டும். அடுத்த முறை நின்றவுடன் பில்டருக்கு மேலே உள்ள கைப்பம்பை அமத்திப் பாருங்கள். அமத்திய குமிழ் எழும்பாமல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு நின்றால், பில்டருக்கும் டாங்கிக்கும் இடையில் அடைப்பு. நன்றாக எழும்பினால் வேறு இடம் பார்க்க வேண்டும். காற்று இழுக்கிறதா என்று பார்க்க, பில்டருக்கு வருகிற இடத்தில் கண்ணாடி போன்ற ஹோஸ் ஒரு துண்டு போடுங்கள், குமிழி ஓடினால் கண்ணுக்கே தெரியும்.

இன்னும் இரண்டு கேள்வி. டாங்கி நிறைய இருக்கும்போது சீக்கிரம் நிற்கிறதா, குறைவாக இருக்கும்போதா? இந்தக் கோளாறு தொடங்குவதற்கு முதல் வானில் கடைசியாக என்ன வேலை செய்தீர்கள்? சின்ன வேலை என்றாலும் எழுதுங்கள்.

செங்கலடியான்:
அக்கா கேட்ட கடைசிக் கேள்விதான் கேள்வி. நல்லாக ஓடிய வான் ஒரு நாளில் குணம் மாறாது.

டீசல்_மாஸ்டர்:
டாங்கிக்குள் உள்ள சல்லடையில் ஊத்தை இருந்தாலும் இதே அறிகுறிதான். பழைய டாங்கி, உள்ளே துரு. இறக்கிக் கழுவாமல் தீராது.

கல்முனை_பாடி_வேர்க்ஸ்:
நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். பழைய டொல்பினில் இவ்வளவு மினக்கெடுவதை விட விற்றுவிட்டுப் புதிது பார்க்கலாமே? 2025 பெப்ரவரியில் வாகன இறக்குமதி திறந்துவிட்டதே.

மீராவோடை_லொறி:
திறந்தது உண்மை. வரியோடு சேர்த்து விலையைப் பார்த்தீர்களா? மீன் விற்கிறவன் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்க முடியாது. 2020 இல் நிறுத்தியதிலிருந்து பழைய வான்களுக்கு ஏறின விலை இன்னும் சரியாக இறங்கவில்லை. கையில் இருக்கிற டொல்பினைத் திருத்தி ஓடுவதுதான் புத்தி.

கல்முனை_பாடி_வேர்க்ஸ்:
மீன் ஏற்றுகிற வான் என்றால் பாடியே மிஞ்சாது. ஐஸ் உருகின உப்புத் தண்ணீர் பலகைக்குக் கீழே போய் செசியைத் தின்னும். மேலே பெயின்ட் பளபளக்கும், கீழே ஸ்குரூ டிரைவரால் குத்தினால் உள்ளே இறங்கும். பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கடலோரம்_மீன்:
3எல்தான். டாங்கி நிரப்பினால்தான் இந்தத் தொல்லை அக்கா. நிரப்பிக்கொண்டு வெளிக்கிட்டால் புணானை தாண்டுவதற்குள் நிற்கிறது. அரை டாங்கியில் ஒரு தரம் பொலன்னறுவை போய் வந்தேன், ஒன்றும் செய்யவில்லை. செட்டில் அடிக்கிற டீசல்தான் சரியில்லை என்று நினைத்தேன்.

கடைசி வேலை என்றால், பின்னால் தளம் போட்டேன். பிளைவுட் மேல் அலுமினியச் செக்கர் தகடு, கீழே குறுக்காக இரண்டு ஆங்கிள் சட்டம். அதற்கும் எஞ்சினுக்கும் என்ன?

செங்கலடியான்:
அடடா. இதை முதல் வரியிலேயே எழுதியிருந்தால் எல்லாருக்கும் பாதி நேரம் மிச்சம்.

ஆரையம்பதி_வான்:
சம்பந்தம் இருக்கிறது, தம்பி. டாங்கி மூடி கம்பனி மூடியா, பிறகு வாங்கிப் பூட்டியதா?

கடலோரம்_மீன்:
சாவி போடுகிற மூடி. டீசல் வரிசைக் காலத்தில் களவுக்குப் பயந்து வாங்கியது.

ஆரையம்பதி_வான்:
அப்படியென்றால் நான் நினைப்பது இதுதான். பம்ப் டீசலை இழுக்க இழுக்க, குறைகிற இடத்துக்கு டாங்கிக்குள் காற்று வர வேண்டும். அது மூடியில் உள்ள சின்ன வால்வு வழியாகவோ, டாங்கியிலிருந்து போகிற பிரீதர் குழாய் வழியாகவோ வரும். கடையில் வாங்குகிற சாவி மூடிகள் சிலவற்றில் அந்த வால்வே இருக்காது. அந்தக் காலத்திலிருந்து பிரீதர் குழாய் தனியாக வேலையைச் செய்துகொண்டிருந்திருக்கும். இப்போது நீங்கள் போட்ட ஆங்கிள் அந்த ரப்பர் குழாயை நசுக்கியிருந்தால் இரண்டு வழியும் மூடிவிட்டது.

டாங்கி நிறைய இருக்கும்போது மேலே காற்றுக்கு உள்ள இடம் கொஞ்சம். இரண்டு லீற்றர் குறைந்தாலே உள்ளே இறுகிவிடும், பம்பால் இழுக்க முடியாது. அரை டாங்கியில் காற்று நிறைய இருப்பதால் நீண்ட தூரம் போகிறீர்கள். நின்ற பிறகு எங்கேயோ ஒரு இடுக்கால் மெல்ல மெல்லக் காற்று புகுந்து சமப்படும், மறுபடி எடுக்கும். சல்லடையில் ஊத்தை என்றால் டாங்கி நிரம்பியிருப்பதைப் பார்த்து நிற்காது.

சோதிப்பதற்குக் காசு வேண்டாம். நின்றவுடன் இறங்கி மூடியைத் திறவுங்கள். ‘உஸ்’ என்று உள்ளுக்குக் காற்று இழுக்கிற சத்தம் கேட்டால் வேறு ஒன்றும் பார்க்கத் தேவையில்லை, உடனே அடித்தாலும் எடுக்கும்.

ஓட்டமாவடி_காக்கா:
புணானையில், விடியப்புறம், இறங்கி நின்று சோதிக்க வேண்டாம் தம்பி. வெலிக்கந்தை வரைக்கும் யானை றோட்டுக்கு வருகிற இடம். வீட்டுப் பக்கத்தில் பாசிக்குடா றோட்டில் ஓடிப் பாருங்கள், வெளிச்சத்தில்.

டீசல்_மாஸ்டர்:
மூடி அடைத்து வான் நிற்பது கேள்விப்படாத விஷயம் இல்லை. ஆனாலும் சொல்கிறேன், டாங்கியை நம்பாமல் பார்க்க வேண்டும் என்றால் ஒரு சுத்தமான கானில் டீசல் எடுத்து, பம்புக்குப் போகிற ஹோஸையும் திரும்பி வருகிற ஹோஸையும் இரண்டையும் அதற்குள் விட்டு எஞ்சினை ஓட விடுங்கள். திரும்பி வருகிறதை டாங்கியிலேயே விட்டால் கான் சீக்கிரம் காலியாகிவிடும். கானில் நிற்காமல் ஓடினால் பம்ப் நல்லது. அப்போது நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

ஆரையம்பதி_வான்:
அது நல்ல சோதனை, ஐயா. மூடியில் சத்தம் வராவிட்டால் அதைத்தான் அடுத்ததாகச் செய்ய வேண்டும்.

கல்முனை_பாடி_வேர்க்ஸ்:
தளத்தைப் பற்றியும் ஒன்று. அலுமினியத் தகட்டை இரும்பு ஸ்குரூவால் இறுக்கியிருந்தால், உப்புத் தண்ணீர் பட்டு ஸ்குரூவைச் சுற்றி அலுமினியம் வெள்ளைத் தூளாக உதிரும். இரண்டு உலோகமும் நேரே தொடக் கூடாது. கழற்றுகிற நேரம் ஸ்டெயின்லெஸ் ஸ்குரூவும் நைலோன் வாஷரும் போட்டு, ஓட்டைக்குச் சிலிக்கன் அடித்து இறுக்குங்கள். தண்ணீர் வடிகிற ஓட்டைக்கு ஒரு ஹோஸ் பூட்டி செசிக்கு வெளியே, ரயருக்குப் பின்னால் விழுகிற மாதிரி விடுங்கள். இல்லாவிட்டால் இவ்வளவு செலவழித்துப் போட்ட தளத்துக்குக் கீழே வானே இருக்காது.

மீராவோடை_லொறி:
தளத்தை முழுக்கக் கழற்ற வேண்டியதில்லை. கீழே குனிந்து அந்த ஆங்கிளை மட்டும் பார்த்தால் போதும். ஜக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், வானைத் தாங்குகிற இரும்புக் குதிரை வைத்துவிட்டுப் போங்கள். குதிரை இல்லாவிட்டால் யாரிடமாவது கேட்டு வாங்குங்கள். செங்கல்லை அடுக்கி வைத்துவிட்டுப் படுக்கிறவர்களைக் கண்டால் நெஞ்சு பதறும், செங்கல் பாரத்தில் ஒரே நொடியில் நொறுங்கும்.

செங்கலடியான்:
தம்பி, என்ன நடந்தது? மூடியைத் திறந்து பார்த்தீர்களா?

ஏறாவூர்_ரேடியேட்டர்:
ஹெட்டையும் ஒரு தடவை பார்ப்பதில் நட்டமில்லை என்று இன்னமும் சொல்கிறேன்.

ஓட்டமாவடி_காக்கா:
ஆளைக் காணோம். மீனுக்குப் போயிருப்பார்.

கடலோரம்_மீன்:
எல்லாருக்கும் நன்றி. மூடியைத் திறந்ததும் நல்ல சத்தமாக இழுத்தது, உடனே எடுத்தது. முன் ஆங்கிளுக்கும் செசிக்கும் நடுவில் ஒரு ரப்பர் குழாய் தட்டையாகிக் கிடந்தது, அதுதான். இப்போதைக்கு மூடியை ஒரு பிடி தளர்த்திவிட்டு ஓடுகிறேன், நிற்கவில்லை. ஏற்றுகிறார்கள், பிறகு எழுதுகிறேன்.

டீசல்_மாஸ்டர்:
சரி, பம்ப் இல்லை. அந்தப் பம்பை இனியாவது நல்ல டீசலில் ஓட விடுங்கள்.

ஆரையம்பதி_வான்:
சந்தோஷம், தம்பி. ஆனால் மூடியைத் தளர்த்திவிட்டு ஓட வேண்டாம். நிறைந்த டாங்கி வளைவில் தளும்பினால் டீசல் றோட்டில் கொட்டும், பின்னால் வருகிற மோட்டார் சைக்கிள்காரன் விழுவான். தண்ணீரும் தூசியும் டாங்கிக்குள் போகும். இன்றைக்கே ஆங்கிளைத் தளர்த்தி, நசுங்கின துண்டை வெட்டி எடுத்துவிட்டு டீசலுக்கென்று விற்கிற ஹோஸைப் போடுங்கள். சாதாரண தண்ணீர்க் குழாய் ஊதிப்போகும். புதுக் குழாய் ஆங்கிளில் உரசாமல் இரண்டு இடத்தில் கிளிப் போட்டுச் செசியோடு பிடியுங்கள். மூடியை மாற்றும்போது கடையிலேயே உட்பக்கத்தில் வாய் வைத்து உறிஞ்சிப் பாருங்கள். வெளியிலிருந்து உள்ளுக்குக் காற்று வந்தால் வால்வு இருக்கிறது, வாங்கலாம். உறிஞ்சும்போது காற்று வராவிட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கல்முனை_பாடி_வேர்க்ஸ்:
ஆங்கிளைத் தளர்த்துகிற நேரம் கீழே ஒரு படம் எடுத்துப் போடுங்கள், தம்பி. தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.