திம்பம் இறக்கத்தில் பிரேக் பெடல் அமுங்கிவிட்டது: பழைய ஜென் காருக்குப் பெரிய டிஸ்க் பொருத்தலாமா?

கேள்வி (கோபிசெட்டிபாளையம்):
அப்பா 1999இல் வாங்கிய மாருதி ஜென் காரை இப்போது நான் ஓட்டி வருகிறேன். தாளவாடியில் எங்களுக்குச் சிறிது நிலம் இருப்பதால் மாதம் இருமுறை திம்பம் மலைப்பாதையில் ஏறி இறங்க வேண்டியிருக்கிறது. சென்ற வாரம் குடும்பத்தோடு பண்ணாரி நோக்கி இறங்கியபோது, இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் கடந்த நிலையில், பெடல் பஞ்சு போல அமுங்கித் தரை வரை போய்விட்டது. கை பிரேக்கைப் பிடித்து ஓரங்கட்டி அரை மணி நேரம் நின்ற பிறகு அது பழையபடி இறுகியது. உக்கடத்துப் பழைய உதிரிபாகக் கடையில், பிற்காலக் கார் ஒன்றின் பெரிய டிஸ்க்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் காலிபரும் வாங்கிப் பொருத்திவிடலாம் என்கிறார் மாமா. செய்யலாமா?

பதில் (சத்தியமங்கலம், ஒர்க்‌ஷாப்):
தம்பி, பெடல் கல் போல இறுகியிருந்தும் வண்டி நிற்காவிட்டால், டிஸ்க்கை அழுத்தும் பேட் சூடேறிப் பிடிப்பை இழந்திருக்கிறது என்று பொருள். பெடல் பஞ்சாகிக் கீழே போனால், பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகியிருக்கும். ஆயில் அழுத்தத்திற்குச் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும் என்பதால் நீங்கள் மிதித்த விசை சக்கரத்தைச் சென்றடையவில்லை. வண்டி ஆறியதும் பெடல் திரும்பியது அதனால்தான். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. டாட் 3 (DOT 3) எனும் தர வகை ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கையில் 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பின் 140 டிகிரி. டாட் 4க்கு அவை 230, 155. பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, டாட் 4 ஊற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுங்கள், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். சிலிக்கோன் வகையான டாட் 5ஐ மட்டும் ஊற்றிவிடாதீர்கள். பின்சக்கரத்தில் பிரேக் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், காலிபர் பின் ஆகியவற்றையும் கழற்றிப் பாருங்கள்.

பதில் (பீளமேடு):
காற்றோட்டமுள்ள பெரிய டிஸ்க் சூட்டை விரைவாக வெளியேற்றும் என்பது உண்மைதான். ஆனால் உங்கள் 13 அங்குல ரிம்முக்குள் அந்தக் காலிபர் அடங்காமல் போகலாம். அதன் பிஸ்டன் பெரிதாக இருந்தால், பெடலோடு இணைந்த பழைய மாஸ்டர் சிலிண்டர் தள்ளும் ஆயில் போதாமல் பெடல் இன்னும் கீழே இறங்கும். முன்சக்கரத்திற்கும் பின்சக்கரத்திற்கும் தயாரிப்பாளர் வகுத்த விகிதமும் கெடும். ஈரச்சாலையில் முன்சக்கரம் முன்கூட்டியே பூட்டிக்கொண்டால் ஸ்டீயரிங் பயன்படாது. ஆகவே, மாமா சொல்லும் வேலையை நான் ஆதரிக்க மாட்டேன். பணம் இருந்தால் நல்ல பேட்டும் புதிய டயரும் வாங்குங்கள்.

பதில் (பொள்ளாச்சி):
ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு நாற்பது வளைவுகள். முப்பது ஆண்டுகளாக ஓட்டுகிறேன். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், இன்ஜினே வேகத்தைப் பிடித்து பிரேக்கின் சுமையைக் குறைக்கும். பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடுவது பெருந்தவறு, இன்ஜினை அணைப்பது அதைவிடக் கொடியது. இன்ஜின் நின்றால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் இரண்டு மூன்று மிதிகளிலேயே தீர்ந்துவிடும்.

கேட்டவர்:
அனைவருக்கும் நன்றி. இன்று சத்தி அண்ணன் சொன்னபடியே கழற்றினோம். ஆயில் கருங்காப்பி நிறத்தில் இருந்தது. கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது வீட்டில் ஒருவருக்கும் நினைவில்லை. இடப்பக்கப் பின்சக்கர வீல் சிலிண்டரும் கசிந்து ஷூவை நனைத்திருந்தது. இரு பக்கமும் சிலிண்டரும் ஷூவும் புதிதாகப் போடச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் நான்காவது கியரில்தான் இறங்கினேன் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.