இந்தோ சாரசெனிக்: 'கும்மட்டக் கலவைப் பாணி' எனலாமா?

> 'இந்திய இசுலாமியக் கட்டடக்கலை' என்றே வைத்துவிடலாமே?

ஐயா, வணக்கம்.

அந்தப் பெயரில் குதுப்மினாரும் தாஜ்மகாலும் ஏற்கெனவே இருக்கின்றன. நம் கலைச்சொல் பட்டியலுக்காக நாம் தமிழ்ப் பெயர் தேடுவது, அந்த வடிவங்களை ஐரோப்பியக் கட்டட அமைப்போடு சேர்த்து வெள்ளைக்காரர்கள் 19ஆம் நூற்றாண்டில் பரப்பிய 'இந்தோ சாரசெனிக்' பாணிக்கு. இரண்டையும் ஒரே சொல்லில் அடைத்தால் படிக்கிறவர் குழம்பிப்போவார்.

'சாரசெனிக்' என்பதை அப்படியே ஒலிபெயர்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. இடைக்கால ஐரோப்பியர் அரபியரையும் முஸ்லிம்களையும் சுட்டிய சொல் 'சாரசென்'. நம் ஊர்க் கட்டடத்துக்கு அந்தப் பெயர் எதற்கு?

பாரிமுனைப் பக்கம் போனால் உயர் நீதிமன்றத்தை (1892) அண்ணாந்து பாருங்கள். முதலில் கண்ணில் படுவது அந்தச் சிவப்புக் கும்மட்டங்கள் (குவிமாடங்கள்) தான். உயரமான கோபுரம் 1894 முதல் கலங்கரை விளக்கமாகவும் இருந்தது. கடற்கரையில் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிசம் (Chisholm) வடிவமைத்த பல்கலைக்கழக செனட் இல்லம் (1879), எழும்பூர் ரயில் நிலையம் (1908), எல்லாவற்றுக்கும் முகம் கும்மட்டமே. நம் சிற்ப நூல்களும் கோயில் விமானத்தின் உச்சியைப் பார்த்துத்தானே வகை பிரித்தன? சதுரம் நாகரம், எண்பட்டை திராவிடம், வட்டம் வேசரம். ஆகவே உச்சியைக் கொண்டு பெயரிடுவது நமக்குப் பழகிய வழி.

அதனால் என் பரிந்துரை: கும்மட்டக் கலவைப் பாணி.

'குவிமாடம்' இன்னும் தூய தமிழ் என்பீர்கள். உண்மை. ஆனால் 'கும்மட்டம்' பாரசீகத்துக் 'கும்பத்' தமிழ் வாயில் உருண்டு நம்முடையதாகிவிட்ட சொல். கலந்து பிறந்த பாணிக்குக் கலந்து பிறந்த சொல் பொருந்துகிறது. 'கலவை' என்றால் கொத்தனாருக்குச் சட்டியில் வரும் சாந்து. சாரத்தில் நிற்பவர் "கலவை கொண்டா" என்று குரல் கொடுப்பதைக் கேட்காத தெரு சென்னையில் உண்டா? கட்டுகிறவரின் சொல் கட்டடக்கலை அகராதியில் ஏறுவது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

'பாணி'யா 'நடை'யா என்று இன்னொரு நண்பர் கேட்டிருந்தார். பாணியே இருக்கட்டும். பந்தநல்லூர்ப் பாணி, வழுவூர்ப் பாணி என்று ஆடற்கலையில் வழங்குகிறோம். கட்டடத்தையும் கலையாகப் பார்க்கிறோம் என்பதை அது சொல்லாமல் சொல்லிவிடும்.

ஒரு இடத்தில் மட்டும் இடிக்கிறது. எழும்பூர் அருங்காட்சியக வளாகத்துத் தேசியக் கலைக்கூடத்துக்கு (1909) முகம், ஃபத்தேப்பூர் சிக்ரியை நினைவூட்டும் பெரிய வாசல், கும்மட்டம் அல்ல. அதையும் இதே தலைப்பில் சேர்க்கத்தான் வேண்டும். திராவிட விமானம் எல்லாமே எண்பட்டை இல்லை, ஆனாலும் பெயர் நிற்கிறதே என்று சமாதானம் ஆகிறேன்.

சரி என்றால் பட்டியலில் இதை முதற்சொல்லாக இடுங்கள். தேடி வருபவருக்காக 'இந்தோ சாரசெனிக்' பக்கத்திலேயே இருக்கட்டும்.