சுற்றிலும் முன்னாள் எம்.எல்.ஏ. பண்ணை, நடுவில் எங்கள் மூன்று ஏக்கர்

கரிசல்மகன்:

எங்கள் ஊர் மானாவாரிக் கரிசல். சோளம், உளுந்து, மழை கைகொடுத்தால் பருத்தி. ஊருக்கு மேற்கே இருந்த புன்செய்க் காடு முழுவதையும் இப்போது ஒரே கம்பிவேலி வளைத்திருக்கிறது. உள்ளே மா, கொய்யா, சப்போட்டா, சொட்டுநீர்க் குழாய்கள், தனி டிரான்ஸ்பார்மர். உரிமையாளர் ஒரு முன்னாள் சட்டமன்ற உறுப்பினர். எந்தக் கட்சி என்று தயவுசெய்து கேட்க வேண்டாம். கேட்டால் இந்த விவாத இழை வேறு பக்கம் போய்விடும்.

ஊரில் இருநூறு ஏக்கர் என்கிறார்கள். அவருடைய வேட்புமனுவோடு வைத்த பிரமாணப் பத்திரத்தை இறக்கிப் பார்த்தேன். தொழில்: விவசாயம். நிலமோ அவர் பெயரிலும் மனைவி பெயரிலும் சேர்த்து முப்பது ஏக்கருக்கும் குறைவு. மீதி யாருடையது? தமிழ்நாட்டில் ஒரு குடும்பத்துக்கு 15 ஏக்கர்தான் உச்சவரம்பு என்று பள்ளியில் படித்தோமே, அது என்ன ஆயிற்று?

இதை இப்போது கேட்பதற்குக் காரணம் உண்டு. அப்பாவின் மூன்று ஏக்கர் அந்த வேலிக்கு உள்ளே மாட்டிக்கொண்டிருக்கிறது. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் விற்றுவிட்டார்கள். பண்ணை மேலாளர் அடிக்கடி வீட்டுக்கு வருகிறார். சத்தம் போடுவதில்லை, மிரட்டுவதில்லை. காபி குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைக்கும்போது, "பாதை இல்லாத நிலத்தை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள் அண்ணாச்சி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவார். நான் சென்னையில் இருக்கிறேன். எங்கே போய் எதைப் பார்ப்பது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வடக்குத்தெரு:

எல்லாம் பினாமிதான், இதில் ஆராய்ச்சி எதற்கு? நல்ல விலை கிடைத்தால் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய கணக்கு:

தம்பி, நான் நிலச்சீர்திருத்த அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து வருவாய்த் துறையில் ஓய்வு பெற்றவன். நீங்கள் கேட்டதில் கடைசிக் கேள்விதான் உயிரானது. ஆனால் முதல் கேள்விக்கு விடை தெரியாமல் போனால் நீங்கள் தவறான கதவைத் தட்டிக்கொண்டே இருப்பீர்கள். எனவே அதிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் படித்த 15 என்பது சாதாரண ஏக்கர் அல்ல, ஸ்டாண்டர்டு ஏக்கர். 1961-ஆம் ஆண்டு உச்சவரம்புச் சட்டத்தில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று வைத்தார்கள். 1970-இல் அதை 15 ஆகக் குறைத்தார்கள். இந்த ஸ்டாண்டர்டு ஏக்கரை நிலத்தின் தீர்வையை, அதாவது நில வரியை, வைத்துக் கணக்கிட வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கத்து நல்ல நன்செய் என்றால் ஏறக்குறைய ஏக்கருக்கு ஏக்கர். உங்கள் ஊர் போன்ற தீர்வை குறைந்த புன்செய் என்றால் நான்கு ஏக்கர் சேர்ந்துதான் ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர். அதாவது ஒரு குடும்பம் 60 ஏக்கர் வரை சட்டப்படியே வைத்துக்கொள்ளலாம். போர்வெல் போட்டுத் தோட்டமாக்கி, மாங்காய் கொத்துக்கொத்தாகத் தொங்கினாலும் ஆவணத்தில் அது புன்செய்தான்.

அடுத்து, சட்டத்தில் 'குடும்பம்' என்றால் கணவன், மனைவி, மைனர் மகன்கள், மணமாகாத மகள்கள். வயது வந்த மகன் தனிக் கணக்கு. தந்தைக்கு 60, இரண்டு மகன்களுக்குத் தலா 60 என்று வைத்துக்கொள்ளுங்கள். 180 ஏக்கர் ஆகிவிட்டது. பெண்களின் சீதன நிலத்துக்கு இதற்கு மேலும் தனிச் சலுகை உண்டு. உங்கள் மேற்குக் காட்டில் ஒரு பினாமிகூட இல்லாமலே அந்த இருநூறு ஏக்கரில் பெரும்பகுதி சட்டத்துக்குள் அடங்கிவிடலாம். வடக்குத்தெருக்காரர் கோபித்துக்கொள்ள வேண்டாம், பினாமி இல்லை என்று நான் சொல்லவில்லை. அதைத் தேடிக்கொண்டு போனால் ஆண்டுகள் போகும், அதற்குள் அப்பாவின் நிலம் போய்விடும் என்கிறேன்.

பிரமாணப் பத்திரத்தில் கணக்கு குறைவாக இருப்பதற்கும் இதுதான் காரணமாக இருக்கும். அந்தப் பத்திரத்துக்கான படிவம் 26-இல் வேட்பாளர், மனைவி, இந்துக் கூட்டுக் குடும்பம், சார்ந்திருப்பவர்கள் ஆகியோருடைய சொத்தைத்தான் கேட்கிறார்கள். சம்பாதிக்கிற மகனுடைய சொத்தை அவர் எழுத வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பத்திரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சர்வே எண், வாங்கிய தேதி, வாங்கிய விலை எல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்கு அக்கம்பக்கத்துச் சர்வே எண்களை ஒவ்வொன்றாக இணையத்தில் போட்டுப் பட்டா யார் பெயரில் என்று பாருங்கள். வில்லங்கச் சான்றும் போடுங்கள். யார், எந்த ஆண்டு, எந்த வரிசையில் விற்றார்கள் என்பது தெரியும்.

அந்த வரிசையைக் கவனியுங்கள். பெரிய பண்ணைகள் கண்டபடி வாங்கப்படுவதில்லை. முதலில் சாலையை ஒட்டிய நிலம். அதற்கு என்ன விலை கேட்டாலும் கொடுப்பார்கள். பிறகு ஓடைக்கரை. இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் உள்ளே இருப்பவர்களுக்கு வண்டி போக வழி இராது, டிராக்டர்காரன் உழவுக்கு வரமாட்டான். அதன்பின் விலையை வாங்குகிறவர்தான் சொல்வார். காபி டம்ளரோடு மேலாளர் கேட்கிற கேள்வி இருக்கிறதே, அதற்கு முன்னால் எத்தனை கிரயப் பத்திரங்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள், புரியும்.

ஆகையால் நீங்கள் பார்க்க வேண்டியது பாதை. மூன்று ஆவணம் எடுங்கள். ஒன்று, ஊர் நிலங்களைச் சர்வே எண் வாரியாகப் பட்டியலிடும் 'அ' பதிவேடு. அதில் வண்டிப்பாதை, ஓடை எல்லாம் புறம்போக்காகத் தனி எண்ணில் வந்திருக்கிறதா என்று தெரியும். இரண்டு, புலப்படம், அதாவது நிலத்தின் சர்வே வரைபடம். வண்டிப்பாதை இருந்தால் கோடு கோடாகப் போட்டிருக்கும். மூன்று, அப்பாவின் பழைய கிரயப் பத்திரம். "மாமூல் வழிநடை பாத்தியங்கள் உள்பட" என்று, அதாவது வழக்கமாகப் போய்வரும் வழியில் உரிமை உண்டு என்று, எழுதியிருக்கிறதா? புறம்போக்குப் பாதை என்றால் அதை யாரும் வாங்கியிருக்க முடியாது, 1905-ஆம் ஆண்டு ஆக்கிரமிப்புச் சட்டப்படி வட்டாட்சியர் வேலியை எடுக்கச் சொல்லலாம். தனியார் நிலத்தின் வழியாகப் போன பாதை என்றாலும் 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம் இருக்கிறது. இருபது ஆண்டுகள் தடையில்லாமல் போய்வந்திருந்தால் உரிமை கேட்கலாம். அது உரிமையியல் நீதிமன்றத்து வேலை, இழுக்கும்.

தணிக்கைக்காரி:

பழைய கணக்கு ஐயா நிலத்தைச் சொல்லிவிட்டார். ஏன் எல்லோரும் 'தொழில்: விவசாயம்' என்று எழுதுகிறார்கள் என்பதை நான் சொல்கிறேன், என் தொழில் அது.

வேளாண் வருமானத்துக்கு வருமான வரி கிடையாது. அரசியல் சாசனமே அதை மத்திய அரசின் கைக்கு எட்டாமல் மாநிலப் பட்டியலில் வைத்திருக்கிறது. மாநிலங்களோ தேயிலை, காபி போன்ற தோட்டங்களைத் தாண்டிப் பெரும்பாலும் கை வைப்பதில்லை. 1973 முதல், வேறு வருமானம் உள்ளவருக்கு வரி விகிதத்தைத் தீர்மானிக்க மட்டும் வேளாண் வருமானத்தைச் சேர்த்துப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். நகராட்சி எல்லையிலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்கு அப்பால் உள்ள விவசாய நிலத்தை விற்றால் வரும் லாபத்துக்கும் மூலதன ஆதாய வரி இல்லை. வாங்கினாலும் லாபம், விளைந்தாலும் லாபம், விற்றாலும் லாபம். வாடிக்கையாளர்கள் நிலம் வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும்போது வாயைத் திறப்பதற்கே எனக்குத் தயக்கமாக இருக்கும், பதில் அவ்வளவு சுலபம்.

சம்பளம் என்றால் தருகிறவரிடம் ஒரு தாள் இருக்கும். கொய்யா விற்ற பணத்துக்குச் சந்தைத் தரகரின் சீட்டுதான். ஒரு தோட்டம் எவ்வளவு காய்த்தது என்று பத்து ஆண்டுகள் கழித்து யார் சொல்வது? ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில் ஐதராபாத் திராட்சைத் தோட்டத்தின் ஐந்தாண்டு வருமானம் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அவர் தரப்பு சுமார் 52 லட்சம் ரூபாய் என்றது. அரசுத் தரப்பு ஆறு லட்சத்துக்கும் குறைவு என்றது. 2014-இல் விசாரணை நீதிமன்றம் 10 லட்சத்தை ஏற்றது. 2015-இல் உயர் நீதிமன்றம் 46 லட்சத்துக்கு மேல் ஏற்றது. 2017-இல் உச்ச நீதிமன்றம் விசாரணை நீதிமன்றத்தின் தீர்ப்பையே நிலைநாட்டியது. ஒரே கொடி, ஒரே திராட்சை, நான்கு கணக்கு.

இமாச்சலத்தில் பலமுறை முதல்வராக இருந்த வீரபத்ர சிங் 2012-இல் தம் ஆப்பிள் தோட்ட வருமானத்தைத் திருத்தி, மூன்று ஆண்டுகளுக்குமாக ஆறு கோடி ரூபாய்க்கும் மேல் என்று காட்டினார். அதை மத்தியப் புலனாய்வுத் துறை வழக்காக எடுத்தது. ஆப்பிள் ஏற்றிப் போனதாகச் சொன்ன வண்டி எண்களில் சில லாரிகளுக்கு உரியவையே அல்ல என்று குற்றச்சாட்டு எழுந்தது. அவர் கடைசிவரை மறுத்தார், 2021-இல் காலமானார். கட்சி வேறு, மாநிலம் வேறு, பழம் வேறு.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 2019-இல் வெளியான அறிக்கைக்காகத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளர் வருமான வரித் துறையின் 6,778 கோப்புகளைச் சோதித்தார். அவற்றில் 22.5 சதவீதத்தில் நிலப் பத்திரம், விற்பனைச் சீட்டு போன்ற ஆதாரங்களைச் சரியாகப் பார்க்காமலே விலக்கு கொடுத்திருந்தார்கள். எனவே கரிசல்மகன், வருமான வரித் துறைக்கு எழுதிப் போட்டால் ஏதாவது நடக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

நாற்றங்கால்:

நான் ஓர் அரசியல் குடும்பத்தின் பண்ணையில் தோட்டக்கலை மேற்பார்வையாளராக இருக்கிறேன். இங்கே எழுதுவதைப் பார்த்தால் நாங்கள் எல்லோரும் காகிதத்தில் பழம் பறிப்பதுபோல் தோன்றுகிறது. எங்கள் மாமரங்கள் உண்மையானவை. சனிக்கிழமை மாலை கூலி தவறியதில்லை, நடவு காலத்தில் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் நிறையப் பேர் வருகிறார்கள். ஒட்டுமா காய்ப்புக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும். அதுவரை ஒரு பைசா வரவு இல்லாமல் தண்ணீரும் எருவும் கொடுத்துக் காத்திருக்க மூன்று ஏக்கர்க்காரரால் முடியுமா? மழை ஓர் ஆண்டு தவறினால் அவர் வட்டிக்கு வாங்க வேண்டியதுதான். பெரிய பண்ணை தாக்குப்பிடிக்கிறது என்பதற்காக அதைத் திருட்டு என்று சொல்லிவிட முடியாது.

பழைய கணக்கு:

நாற்றங்கால் தம்பி சொல்வது நியாயம். மரம் உண்மைதான், கூலியும் உண்மைதான். நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த நான்கைந்து ஆண்டுகளும் மரம் குடித்த தண்ணீர் எங்கிருந்து வந்தது?

விவசாய மின் இணைப்புக்கு எழுதிப் போட்டுவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் சம்சாரிகளை நான் பார்த்திருக்கிறேன். இலவச மின்சாரத்துக்கோ இத்தனை ஏக்கருக்குமேல் கிடையாது என்ற வரம்பு இல்லை. மூன்று ஏக்கர்க்காரருக்கும் இருநூறு ஏக்கர்க்காரருக்கும் ஒரே விலை, அதாவது விலையில்லை. போர்வெல்லை எத்தனை அடி போடலாம், எத்தனை போடலாம் என்று கேட்கவும் ஆளில்லை. 2003-இல் நிலத்தடி நீருக்கென்று ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள், 2013-இல் அதையும் நீக்கிவிட்டார்கள். ஆழமாகப் போகப் பணம் உள்ளவர் போகிறார். பக்கத்துக் கிணறு வற்றுகிறது. வற்றிய கிணற்றோடு நிலத்தை விலைக்குக் கேட்கிறார்கள். வேலி போட்டவர் அரசியல்வாதியாக இல்லாமல் நூற்பாலை முதலாளியாக இருந்தாலும் இதே கதைதான். வேறுபாடு என்னவென்றால், டிரான்ஸ்பார்மர் சீக்கிரம் வரும், ஓடைப் புறம்போக்கை அளக்க வருகிற சர்வேயர் வரவே மாட்டார்.

ஒன்றை மட்டும் பாருங்கள், கரிசல்மகன். கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலில் அப்பாவின் சர்வே எண்ணுக்கு எதிரே ஒவ்வொரு பசலியிலும், அதாவது ஒவ்வொரு வருவாய் ஆண்டிலும், பயிர் எழுதியிருக்கிறார்களா? தரிசு என்று தொடர்ந்து எழுதிவிட்டால், "இவர் இந்த வழியாகப் போய் விவசாயமே செய்யவில்லை" என்று நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு அதைத்தான் நீட்டும்.

கரிசல்மகன்:

எல்லோருக்கும் நன்றி. புலப்படம், 'அ' பதிவேடு இரண்டையும் எடுத்துவிட்டேன். ஊர்ச்சாலையிலிருந்து எங்கள் நிலத்தின் வடமேற்கு மூலை வரை வண்டிப்பாதை தனி எண்ணில் இருக்கிறது, அரசு புறம்போக்கு. அதற்குக் குறுக்கேதான் வேலியின் இரும்புக் கதவு நிற்கிறது. ஓடையும் பாதி தூரம் வேலிக்கு உள்ளே போகிறது. அடங்கலில் கடைசி மூன்று பசலிகளாகத் தரிசு என்று எழுதியிருக்கிறார்கள். அப்பா போன புரட்டாசியில்கூட உளுந்து விதைத்தார். தலைச்சுமையாகத்தான் விதை கொண்டுபோனார், ஆனால் விதைத்தார்.

அப்பாவுக்கு மனுக் கொடுப்பதில் விருப்பமில்லை. "அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவன், எப்படி எழுதிக் கொடுப்பேன்?" என்கிறார். நான் என் பெயரில் கொடுக்கலாமா?

பழைய கணக்கு:

பட்டா அப்பா பெயரில் இருப்பதால் அவர் கையெழுத்தோடு போனால்தான் மனு வலுவாக இருக்கும். மனுவில் அவர்கள் பெயரையே எழுத வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். "சர்வே எண் இன்னதான வண்டிப்பாதைப் புறம்போக்கை அளந்து காட்டவும், தடையை அகற்றவும்" என்று இரண்டு வரி போதும். யார் வேலி என்று கண்டுபிடிப்பது வட்டாட்சியர் வேலை. அடங்கல் திருத்தத்துக்குத் தனி மனு, இரண்டையும் கலக்காதீர்கள். திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து, மனு எண்ணோடு ரசீது வாங்குங்கள். நில அளவைக்கான கட்டணத்தையும் கட்டிவிடுங்கள், கட்டிய சீட்டு இல்லாமல் சர்வேயரை வரவழைக்க முடியாது. அளக்க வருகிற தேதிக்கு நீங்கள் சென்னையிலிருந்து வந்துவிடுங்கள். அப்பாவைத் தனியாக நிற்க விடாதீர்கள், மேலாளர் அன்றைக்கும் வருவார்.