ஏற்காட்டுல ரெண்டு நாள்: எந்த மர்ம நாவல் எடுத்துட்டுப் போகலாம்?

கேள்வி (அஸ்தம்பட்டி): சனி, ஞாயிறு ஏற்காட்டுல தங்கறோம். மழை பிடிச்சா அறையிலேயேதான். 2000க்கு அப்புறம் வந்த மர்ம நாவலா சொல்லுங்க. ரத்தக்களறி வேண்டாம், நல்ல புதிர் வேணும்.

பதில் 1: கெய்கோ ஹிகாஷினோவோட ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’, 2005. கண்ண மூடிட்டு எடுங்க. கொலை யார் பண்ணினதுன்னு ஆரம்பத்துலயே தெரிஞ்சிடும். பக்கத்து வீட்டு கணக்கு வாத்தியார் அதை எப்படி மறைக்கறார்ங்கறதுதான் விஷயம். ஒரு ஓரப்பார்வை, ஒரு போன் கால், எதையும் தாண்டாதீங்க; அவ்வளவு கச்சிதமா கட்டியிருக்கார். ‘ஜானே ஜான்’ இந்திப் படம் இதே கதை. முதல்ல அதைப் பாத்துட்டா முடிச்சு அவிழ்ந்துடும்.

பதில் 2: அந்தோணி ஹோரோவிட்ஸோட ‘மேக்பை மர்டர்ஸ்’ (2016) பாருங்க. நாவலுக்குள்ள நாவல், உள்கதையோட முடிவு காணாமப் போயிடும், பதிப்பாசிரியர் தேடுவாங்க. உள்கதையை சனிக்கிழமையே முடிச்சிடுங்க. இடைவெளி விட்டா பேரெல்லாம் மறந்துடும். வெளிக்கதை ஆளுங்க சாயல் அதுலதான் இருக்கு.

பதில் 3: ஸ்டூவர்ட் டர்ட்டனோட ‘தி செவன் டெத்ஸ் ஆஃப் ஈவ்லின் ஹார்ட்கேஸில்’ (2018) இருக்கு, கதாநாயகன் ஒரே நாளை எட்டு பேர் உடம்புல திரும்பத் திரும்ப வாழ்வான். அதை ஒலிப்புத்தகமா கேக்காதீங்க, பின்னாடி புரட்டணும். யார் உடம்பு, எந்த நேரம்னு துண்டுச்சீட்டுல குறிச்சுக்கங்க. அப்புறம், 20 கொண்டை ஊசி வளைவு முடியற வரைக்கும் புத்தகத்தைத் திறக்காதீங்க, தலை சுத்தும்.