புதுப்பிப்பு: எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேன்: ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்தும் திருத்துறைப்பூண்டிப் பக்கம், பாசனம் முடியும் கடைசி வயல்களான எங்கள் கடைமடைக்குக் காவிரித் தண்ணீர் எட்டவில்லை, அம்மா மட்டும் தினமும் விடிகாலையில் காய்ந்த மதகின் முன்னால் கோலம் போட்டு விளக்கேற்றிவிட்டு வருகிறார் என்று. விசாரித்த எல்லோருக்கும் நன்றி.

செவ்வாய்க்கிழமை தண்ணீர் வந்துவிட்டது. நுரையும் சருகும் தள்ளிக்கொண்டு, கலங்கலாக, ஒரு சாண் உயரம்தான். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கி, இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "வந்துட்டியாம்மா, வழியெல்லாம் எத்தனை பேருக்குக் கொடுத்துட்டு வர்றே" என்றார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. குடகில் பிறந்து, மேட்டூர் தாண்டி, கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, அங்கிருந்து எத்தனை மதகுகள்! நான் தாமதத்தை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா எங்களுக்கு முன்னால் நனைந்த வயல்களை எண்ணியிருக்கிறார்.

நாற்றங்கால் என்ன ஆனது என்று கேட்டிருந்தீர்கள். பிழைத்துவிட்டது. பக்கத்து வயல் மாமா குளத்திலிருந்து என்ஜின் வைத்து இறைத்து நனைத்துக் கொடுத்தார். டீசலுக்குக்கூடக் காசு வாங்கவில்லை. பதினெட்டாம் பெருக்குக்குக் காப்பரிசி செய்ய அம்மா இப்போதே வெல்லம் வாங்கி வைத்துவிட்டார். ஆற்றுக்குப் படைத்ததும் முதல் கிண்ணம் மாமா வீட்டுக்குத்தான்.