சீட்டு யாரிடம் இருக்கிறது?

ஆனைமலை குடும்பம் (வாட்ஸ்அப் குழு)

சனிக்கிழமை

கார்த்தி, இரவு 9:40: குருவாயூர் போன அன்று கேரள எல்லை மீனாட்சிபுரத்தில் வாங்கிய ஓணம் பம்பர் லாட்டரிச் சீட்டு யாரிடம் இருக்கிறது??

கார்த்தி: அவசரம்

ஜோதி சித்தி: எந்தச் சீட்டு

செந்தில்: டீ குடித்த இடத்தில் ஆளுக்கு 50 போட்டு வாங்கினோமே சித்தி. பத்துப் பேர், 500 ரூபாய்.

கார்த்தி: அன்று நான் எடுத்த போட்டோ இருக்கிறது. ஆறு எண்ணும் ஒத்துப் போகிறது. 2 லட்சம் பரிசில் வருகிறது!! மூன்று தடவை பார்த்துவிட்டேன்

திவ்யா (பெங்களூர்): என்னது!!!

கவிதா: குருவாயூரில் பாப்பாவுக்குச் சோறு ஊட்டிய யோகம்

கார்த்தி: ஆனால் எண்ணுக்கு முன்னால் வரும் இரண்டு எழுத்து தெரியவில்லை. அந்த இடத்தில் அப்பாவின் கட்டைவிரல்

பாலு சித்தப்பா: நான் என்ன செய்ய, பிடிக்கச் சொன்னாய் பிடித்தேன்

கார்த்தி: போட்டோவை இங்கே போடட்டுமா?

லோகு மாமா: போடாதே. யாரும் போடக் கூடாது. சொல்கிறேன், இருங்கள்.

ஜோதி சித்தி: 2 லட்சம் பத்துப் பேருக்கு 20,000. வேனுக்குத் தர வேண்டிய பாக்கியை முதலில் கொடுங்கள், அந்தப் பையன் இன்றும் கேட்டான்

செந்தில்: சித்தப்பா பங்கு மட்டும்தான் பாக்கி

பாலு சித்தப்பா: அந்தப் பேச்சு இப்போது எதற்கு

லோகு மாமா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். ஓணம் பம்பரில் சீரிஸ் எழுத்து இல்லாமல் எண் மட்டும் ஒத்துப் போனால் பெரிய பரிசு கிடையாது. ஒரே எண் டிஏ, டிபி, டிசி என்று ஒவ்வொரு சீரிஸிலும் அச்சாகியிருக்கும். 500, 1,000, 5,000 போன்ற சின்னப் பரிசுகளுக்குத்தான் கடைசி நான்கு எண் போதும். அதனால் இப்போதைக்கு நமக்கு விழுந்திருக்கிறது என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. எண்ணுக்கு முன்னால் வரும் அந்த எழுத்துகளைப் பார்த்தால்தான் தெரியும். இரண்டாவது விஷயம், பரிசு சீட்டுக்குத்தான், நம் முகத்துக்கு இல்லை. பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்துப் போடாத சீட்டு யார் கையில் இருக்கிறதோ அவருடையது மாதிரிதான். போட்டோவைக் காட்டி ஒரு ரூபாய் வாங்க முடியாது. மூன்றாவது, குலுக்கல் முடிந்து 12 நாள் ஆகிவிட்டது. 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். விட்டால் அந்தப் பணம் கேரள அரசுக்கே போய்விடும். மத்தியச் சட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது.

கார்த்தி: 18 நாள் இருக்கிறது

திவ்யா: அப்பா கருவூலத்தில் ரிடையர் ஆனாலும் ஆனார்

கவிதா: சீட்டை எங்கள் அம்மாவிடம், சரசு பெரியம்மாவிடம்தான், கொடுத்த ஞாபகம். பிரசாதம் வைத்த டப்பாவில்

செந்தில்: அம்மாவிடமா? போச்சு

ஜோதி சித்தி: அண்ணி அதைக் கிழித்துப் போட்டிருப்பார்கள்

கவிதா: சித்தி, அப்படிச் சொல்லாதீர்கள்

செந்தில்: அம்மா உடுமலையில் அவர் அக்கா வீட்டில் இருக்கிறார். நாளை சாயங்காலம்தான் வருவார். பூஜை அலமாரிச் சாவி அவர் இடுப்பில்

ஜோதி சித்தி: சாவி என்றதும் ஞாபகம் வருகிறது, என் பெரிய சில்வர் தூக்கு யார் வீட்டில் இருக்கிறது? குருவாயூருக்குப் புளிசாதம் கொண்டு போனது

பாலு சித்தப்பா: (முன்னனுப்பிய செய்தி) கேரளா லாட்டரி ஆன்லைன், உங்கள் எண்ணுக்கு 25 லட்சம், உடனே இந்த லிங்கில் ஆதார் விவரம்

பாலு சித்தப்பா: இதில் போட்டுப் பார்க்கலாமா மச்சான்?

லோகு மாமா: மாப்பிள்ளை, தொடாதே! அது திருட்டு. கேரள லாட்டரி காகிதச் சீட்டு மட்டும்தான், ஆன்லைனில் விற்பதே இல்லை. குலுக்கல் திருவனந்தபுரம் கோர்க்கி பவனில், பொதுமக்கள் முன்னால், நடுவர் குழுவை வைத்து நடக்கிறது. முடிவு கேரள அரசிதழில் வரும், அதோடு சரி பார்த்துக்கொள்ளச் சொல்லிச் சீட்டிலேயே இருக்கும். வாட்ஸ்அப்பில் யாருக்கும் பரிசு வராது. அதை இப்போதே அழித்துவிடு.

பாலு சித்தப்பா: அழித்துவிட்டேன்

கார்த்தி: மாமா, நம் ஊர் டீக்கடையில் மூணு நம்பர் எழுதுகிறார்களே, அதுவும் கேரளாதானே?

லோகு மாமா: இல்லவே இல்லை கண்ணு. கேரளா முடிவின் கடைசி எண்களை வைத்து இங்கே துண்டுச் சீட்டில் நடத்தும் சூதாட்டம் அது. அச்சடித்த சீட்டு கிடையாது, அரசு முத்திரை கிடையாது, விழுந்தாலும் தருவான் என்று உத்தரவாதம் கிடையாது. 1998ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒற்றை இலக்கத்துக்குப் பரிசு தரவே கூடாது என்கிறது. சீட்டை மாநில அரசே அச்சடிக்க வேண்டும், குலுக்கலை அரசே அந்த மாநிலத்துக்குள் நடத்த வேண்டும், ஒரு லாட்டரிக்கு வாரத்துக்கு ஒரு குலுக்கல், பம்பர் என்றால் வருடத்துக்கு ஆறுக்கு மேல் கூடாது. இவ்வளவு கட்டுப்பாடு வைத்தும் குடும்பங்கள் அழிகின்றன. கட்டுப்பாடே இல்லாத அதன் பக்கம் போய்விடாதே. சத்தியம் செய்.

கார்த்தி: போகவில்லை மாமா. சத்தியம்

திவ்யா: தமிழ்நாட்டில் லாட்டரிக்குத் தடைதானே? நமக்குத் தருவார்களா?

லோகு மாமா: 2003 முதல் தடை. இங்கே விற்பது குற்றம். நாம் அங்கே போய் அங்கே உள்ள கடையில் வாங்கினோம், அதனால் பயமில்லை. 2023 ஓணம் பம்பர் 25 கோடி திருப்பூர் பக்கத்து நான்கு பேருக்குத்தான் விழுந்தது, வாளையாறில் விற்ற சீட்டு. அது கள்ளத்தனமாகத் தமிழ்நாட்டில் விற்றது என்று புகார் கூடப் போயிற்று. அதனால்தான் சொல்கிறேன், எந்தக் கடை, எந்தத் தேதி என்று எல்லோரும் ஒரே மாதிரி, உள்ளதைச் சொல்ல வேண்டும். சீட்டின் பின்னால் ஏஜென்ட் முத்திரை இருக்கும்.

கவிதா: கடைக்கு எதிரே நேந்திரங்காய் சிப்ஸ் கடை. பாப்பா அங்கேதான் அழுதாள்

செந்தில்: வரி, கமிஷன் எல்லாம் போக 12,600 வரும் ஆளுக்கு. மாமா முன்பு சொன்ன கணக்குப்படி

ஜோதி சித்தி: 20,000 எங்கே போயிற்று?

லோகு மாமா: ஜோதி, லாட்டரிக்கு வரி 30%. ஏஜென்ட் கமிஷன் 10% என்றால் அது முதலில். 25 கோடி விழுந்தவருக்கு 2.5 கோடி கமிஷன், மீதி 22.5 கோடியில் 30% வரி 6.75 கோடி, கையில் 15.75 கோடி. அதற்கு மேல் சர்சார்ஜ் வேறு. நம்முடையதில் கமிஷனும் பிடித்தால் 1,26,000, வரி மட்டும் என்றால் 1,40,000.

கவிதா: அம்மா பெயரில் வாங்கினால்? அம்மாவுக்குக் குடும்ப பென்ஷன் மட்டும்தான், வரி திரும்ப வராதா?

லோகு மாமா: வராதம்மா. லாட்டரிப் பணத்துக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை, நேரடி 30%தான்.

ஜோதி சித்தி: அண்ணி பணமே போடவில்லையே. அவர்கள் 50ஐ நான்தான் போட்டேன்

செந்தில்: சித்தி

ஜோதி சித்தி: உள்ளதைச் சொன்னேன்

கவிதா: தோப்புப் பங்கு மாதிரி இதையும் ஆக்காதீர்கள்

பாலு சித்தப்பா: ஜோதி போனை வை

லோகு மாமா: பரப்பனங்காடியில் 2023இல் குப்பை சேகரிக்கும் பெண்கள் 11 பேர் சேர்ந்து 250 ரூபாய் சீட்டு வாங்கினார்கள். ஒன்பது பேர் 25 ரூபாய், இரண்டு பேரிடம் முழுசாக இல்லை, ஆளுக்குப் பன்னிரண்டரை போட்டார்கள். 10 கோடி விழுந்தது. யாரும் யாரையும் விடவில்லை. நாமும் இன்றைக்கே பத்துப் பெயரையும் எழுதி முத்திரைத் தாளில் கையெழுத்துப் போடுவோம், பணம் வந்த பிறகு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

சரசு பெரியம்மா, காலை 6:12: எல்லாவற்றையும் படித்தேன். எனக்கு அந்தப் பங்கு வேண்டாம். ஜோதி 50 போட்டாள், அவளே எடுத்துக்கொள்ளட்டும்.

கவிதா: அம்மா

சரசு பெரியம்மா: உங்கள் அப்பா விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு என்று சொல்லிக்கொண்டே வாங்குவார். சம்பள நாளன்று பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அரை மணி நேரம் அங்கேயே. ஒருநாளும் வீட்டுக்கு விழவில்லை. அவர் போன பிறகு பீரோவில் வேட்டிக்கு அடியில் ரப்பர் பேண்ட் போட்ட கட்டு கட்டாக எடுத்தேன். செந்திலுக்குக் கல்லூரி ஃபீஸ் கட்ட என் வளையலை அடகு வைத்த மாதத்தில் அவர் வாங்கிய சீட்டும் அதில் இருந்தது. தேதி பார்த்துத்தான் அழுதேன்.

லோகு மாமா: அக்கா, எனக்குத் தெரியும்

பாலு சித்தப்பா: அண்ணி நான் யோசிக்காமல் வாங்கிவிட்டேன். மன்னித்துவிடுங்கள்

சரசு பெரியம்மா: கிழிக்கவில்லை. பிரசாதத்தோடு வந்ததை எப்படிக் கிழிப்பேன். சந்தனமும் துளசியும் வைத்த டப்பாவில் இருக்கிறது. இன்று வந்து பார்க்கிறேன்.

ஜோதி சித்தி: அண்ணி நான் நேற்றுப் பேசியது தப்பு. உங்கள் பங்கு உங்களுக்குத்தான்

(அதற்குப் பதில் இல்லை)

கார்த்தி, மாலை 6:50: பெரியம்மா வந்தாயிற்றா?

செந்தில்: டப்பாவைத் திறந்தாயிற்று

செந்தில்: எண் நன்றாகத் தெரிகிறது. முதல் எழுத்து டி. அடுத்த எழுத்தின் மேல் சந்தனம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது

திவ்யா: ஐயோ

கார்த்தி: எல்லா சீரிஸும் டியில்தான் ஆரம்பிக்கும்!!

கவிதா: நகத்தால் மெதுவாகச் சுரண்டட்டுமா?

லோகு மாமா: சுரண்டாதே! தண்ணீரும் வேண்டாம். கிழிந்தால், எழுத்து அழிந்தால் திருத்தியது என்று தள்ளிவிடுவார்கள். பார்கோடு இருக்கிறதா பார்.

செந்தில்: பார்கோடு சுத்தமாக இருக்கிறது மாமா. பின்பக்கம் முத்திரையும் இருக்கிறது

லோகு மாமா: அப்படியானால் நாளைக்கே மீனாட்சிபுரம் கடை. ஸ்கேன் செய்தால் சீரிஸ் தெரிந்துவிடும். சீட்டை மட்டும் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், கண் முன்னால் ஸ்கேன். விழுந்திருந்தால் அங்கே பணம் கேட்கக் கூடாது. 5,000 வரைதான் ஏஜென்ட் தருவார். 1 லட்சம் வரை மாவட்ட லாட்டரி அலுவலகம். அதற்கு மேல் திருவனந்தபுரம் இயக்குநரகம், இல்லையென்றால் வங்கி மூலம். ஆதார், பான், இரண்டு போட்டோ, சீட்டின் இரண்டு பக்க நகல், வருவாய் வில்லை ஒட்டிய ரசீது, நோட்டரி சான்று.

பாலு சித்தப்பா: யார் பெயரை எழுதுவது?

ஜோதி சித்தி: லோகு அண்ணன் பெயர்

லோகு மாமா: நான் வாங்கும்போது தூங்கிக்கொண்டிருந்தேன், எனக்கு வேண்டாம்

கவிதா: பாப்பா பெயர்?

திவ்யா: பாப்பாவிடம் பான் கார்டு இருக்கிறதா

செந்தில்: நாளை பேசிக்கொள்ளலாம். காலை 6 மணிக்குக் கிளம்புகிறேன், சித்தப்பாவும் மாமாவும் வரட்டும்

கார்த்தி: நானும். எனக்கு லீவு

ஜோதி சித்தி: உனக்கு எங்கே லீவு, பரீட்சை

சரசு பெரியம்மா: நானும் வருகிறேன். சீட்டு டப்பாவோடு என் மடியில் இருக்கும். அந்தக் கடைக்காரர் கையில் நானே காட்டுகிறேன்.

லோகு மாமா: சரிங்க அக்கா

சரசு பெரியம்மா: ஜோதி, தூக்கு என் வீட்டில்தான். காலையில் இட்லி வைத்துக் கொண்டு வருகிறேன். நீ சட்னி மட்டும் அரைத்துக் கொடு.